வழக்கு நடக்கையில் ஒருவர் இறந்தால்: வாரிசுகளைச் சேர்த்த எங்கள் அனுபவம்

என் தாயார் 2012-ஆம் ஆண்டு தம்முடைய பிறந்த வீட்டாரின் மீது தொடுத்த பாகப்பிரிவினை வழக்கில் இதுவரை மூவர் இறந்துவிட்டனர். முதலில் 3-ஆம் பிரதிவாதியான நடு மாமா, அடுத்து 1-ஆம் பிரதிவாதியான அம்மாச்சி, இறுதியில் வாதியான என் தாயாரே. ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் இறந்தவரின் இடத்தில் அவருடைய சட்டப் பிரதிநிதிகளை வழக்கில் சேர்க்க வேண்டியிருந்தது. நீதிமன்ற வளாகத்தில் இதைச் சுருக்கமாக ‘எல்.ஆர். சேர்ப்பது’ என்பார்கள். மூன்று முறையும் முறை வேறாக இருந்தது. மூன்று முறையும் நான் உடனிருந்தேன். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் நிலவழக்கு இல்லாத உறவுக் கூட்டம் அரிது என்பதாலும், இந்த ஒரு கட்டத்தில் மட்டும் நல்ல வழக்குகள் பல வீணாகிப் போவதை நீதிமன்றத் தாழ்வாரத்தில் கண்டிருப்பதாலும் இதை விரிவாக எழுதுகிறேன்.

வழக்கின் அடிப்படை எளிதானது. பாபநாசம் வட்டத்தில் தாத்தா தம் உழைப்பில் வாங்கிய நன்செய் முக்கால் வேலிக்கு, அதாவது ஏறத்தாழ ஐந்து ஏக்கருக்கு, சற்று அதிகம். கூடவே ஒரு வீடும் கொல்லையும். தாத்தா உயில் எழுதாமல் இறந்தார். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாச்சி, மூன்று மாமன்மார், என் தாயார் ஆகிய ஐவருக்கும் ஆளுக்கு ஐந்தில் ஒரு பாகம். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு நிலத்தில் பங்கில்லை என்று மாமன்மார் கூறினார்கள். பங்கு உண்டு என்று என் தாயார் கும்பகோணத்தில் வழக்குத் தொடுத்தார்.

வழக்கு நீதிமன்றத்துக்குச் சென்ற நாளிலிருந்து இரு வீட்டாருக்கும் பேச்சு நின்றது. நடு மாமா மனைவியின் ஊரான திருத்துறைப்பூண்டிப் பக்கம் குடியேறியிருந்தார். அவர் 2016-இல் இறந்தபோது எங்கள் வீட்டுக்குச் சேதி சொல்ல எவரும் வரவில்லை. எங்கள் பகுதியில் சாவுச் சேதி சொல்லாமல் விடுவது உறவையே அறுப்பதற்குச் சமம். அந்த வருத்தம் என் தாயாருக்குக் கடைசி வரை ஆறவில்லை. நான்கு மாதங்கள் கடந்த பிறகு எங்கள் உறவினர் ஒருவர் பேருந்து நிலையச் சுவரில் வெளுத்துப்போன கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியைப் பார்த்துவிட்டுக் கைபேசியில் படம் எடுத்து அனுப்பினார். தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகளும், கீழே மகன், மகள்கள், மருமகன்கள் பெயர்களும் அதில் இருந்தன. அம்மா அழுதுகொண்டிருந்தபோதே நான் மறைவுத் தேதியிலிருந்து நாட்களை எண்ணிப் பார்த்தேன். அப்படி எண்ணியது எனக்கே சங்கடமாக இருந்தாலும், சட்டம் துக்கத்துக்கென்று தனியாக நாள் ஒதுக்குவதில்லை.

இங்கே கெடுவைப் பற்றிக் கூறிவிடுகிறேன். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 22-ஆம் கட்டளை இந்த விவகாரம் முழுவதையும் ஆள்கிறது. வாதி இறந்தால் 3-ஆம் விதி, பிரதிவாதி இறந்தால் 4-ஆம் விதி. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் 120-ஆம் இனம், இறந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனுச் செய்ய வேண்டும் என்கிறது. சாவு நமக்குத் தெரிய வந்த நாளிலிருந்து அல்ல, இறந்த நாளிலிருந்தே 90 நாட்கள் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். அதற்குள் மனுச் செய்யாவிட்டால், எவரும் தனியாக உத்தரவு போடத் தேவையில்லாமல், இறந்தவரைப் பொறுத்த அளவில் வழக்குத் தானாகவே அபேட் ஆகிவிடும், அதாவது அற்றுப்போகும். அப்படி அற்றுப்போனதை நீக்கக் கோருவதற்கு 121-ஆம் இனப்படி மேலும் 60 நாட்கள் உண்டு. ஆக 150 நாட்களுக்குள் வந்துவிட்டால், அற்றுப்போனதை நீக்கும் மனுவும் வாரிசுகளைச் சேர்க்கும் மனுவும் போதும். 150 நாட்களும் கடந்துவிட்டால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு ஒன்றைக் கூடுதலாகப் போட்டு, போதிய காரணத்தைப் பிரமாணப் பத்திரத்தில் விளக்க வேண்டும். நாங்கள் 90 நாட்களைத் தாண்டி, 150 நாட்களுக்குள் இருந்தோம்.

பாகப்பிரிவினை வழக்கில் இது ஒருவரைப் பொறுத்த அளவோடு நிற்பதில்லை. கடன் வழக்கில் இரண்டு கடனாளிகளில் ஒருவர் மீதான வழக்கு அற்றுப்போனாலும் மற்றவர் மீது தொடர வாய்ப்பிருக்கலாம். பங்காளிகளில் ஒருவரின் வாரிசுகள் இல்லாமல் நிலத்தைப் பிரிக்க முடியாது. எனவே ஒருவரை விட்டால் முழு வழக்கும் சாய்ந்துவிடக்கூடும். ஒரே விஷயத்தில் ஒன்றோடொன்று முரண்படும் இரண்டு தீர்ப்பாணைகள் உருவாகும் நிலை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் பஞ்சாப் அரசு எதிர் நாத்து ராம் வழக்கிலேயே கூறியிருக்கிறது. இதை எங்கள் வழக்கறிஞர் விளக்கியபோதுதான் நடு மாமாவின் மறைவு வழக்கின் ஆணிவேரையே தொடும் என்பது வீட்டில் எல்லாருக்கும் புரிந்தது.

ஆனால் அவரே இன்னொன்றையும் எடுத்துக் காட்டினார். இந்து ஆண் உயிலின்றி இறந்தால் முதல் வகுப்பு வாரிசுகளில் மனைவி, மகன், மகள் ஆகியோருடன் அவரைப் பெற்ற தாயும் அடங்குவார். தந்தை அந்த வகுப்பில் இல்லை, தாய் இருக்கிறார். ஊரில் வாரிசு என்று பேசும்போது மனைவி மக்களைத்தான் எண்ணுவார்கள். மகனைப் பறிகொடுத்த கிழவியை எவரும் எண்ணுவதில்லை. எங்கள் வழக்கில் அம்மாச்சி உயிருடன் இருந்தார். 1-ஆம் பிரதிவாதியாகவும் இருந்தார். இறந்தவரின் வாரிசுகளில் ஒருவராவது, வேறு தகுதியில் என்றாலும், ஏற்கெனவே வழக்கில் இருந்தால் வழக்கு அற்றுப்போகாது என்று உச்ச நீதிமன்றம் மகாவீர் பிரசாத் எதிர் ஜகே ராம் வழக்கில் கூறியுள்ளது. எனவே எங்கள் வழக்கு உண்மையில் அற்றுப்போகவே இல்லை என்பது அவருடைய வாதம். இருந்தாலும் எதிர்த்தரப்பு தகராறு செய்ய இடம் வைக்கக்கூடாது என்று, அற்றுப்போனதாகக் கருதப்பட்டால் அதை நீக்குமாறு கோரும் மனுவையும் சேர்த்தே தாக்கல் செய்தார். அம்மாச்சியை இறந்த மகனின் வாரிசாகவும் பதிவு செய்யும்படி ஒரு மெமோ, அதாவது நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கும் சிறு குறிப்பு, தனியாகப் போடப்பட்டது.

இறப்புச் சான்றிதழ் பெறுவதில் பலர் தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன். இறப்பு பதிவாவது இறந்தவர் வாழ்ந்த ஊரில் அல்ல, இறந்த இடத்தில். நடு மாமா உயிர் பிரிந்தது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில். ஆகவே அவருடைய ஊர்க் கிராம நிர்வாக அலுவலரிடம் போயிருந்தால் பதிவு கிடைத்திருக்காது. எதிர்த்தரப்பினர் சான்றிதழைத் தர மறுத்தாலும் கவலை வேண்டாம். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, எவரும் கட்டணம் செலுத்திப் பதிவேட்டைத் தேடச் சொல்லவும், இறப்புப் பதிவின் நகலைப் பெறவும் வழி செய்கிறது. இறப்பின் காரணம் மட்டும் அதில் வெளியிடப்படாது. அந்த வழியில்தான் நாங்கள் பெற்றோம்.

வாரிசுச் சான்றிதழ் அப்படியல்ல. வட்டாட்சியர் வழங்கும் அந்தச் சான்றிதழுக்கு இறந்தவரின் குடும்பத்தார்தான் விண்ணப்பிப்பார்கள்; வழக்கில் எதிரே நிற்கும் நம் கையில் அது கிடைப்பதில்லை. அது இல்லாமலும் மனுவைத் தாக்கல் செய்யலாம். நமக்குத் தெரிந்த வாரிசுகளின் பெயர், வயது, முகவரி ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் கூறி, இவர்களைத் தவிர வேறு வாரிசு எங்கள் அறிவுக்கு எட்டியவரை இல்லை என்று எழுத வேண்டும். அந்தப் பட்டியலைத் திரட்டுவதற்குப் பழைய கல்யாணப் பத்திரிகைகள், கருமாதிப் பத்திரிகை, வாக்காளர் பட்டியல் ஆகிய மூன்றும் எங்களுக்கு உதவின. கருமாதிப் பத்திரிகையில் மருமகன்களின் ஊர் வரை அச்சடித்திருப்பார்கள். அதைவிடச் சுருக்கமான வம்சாவளி வேறெங்கும் கிடைக்காது.

நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது மகள்களைப் பற்றி. நடு மாமாவுக்கு ஒரு மகன், இரண்டு மகள்கள். ஒருத்தி சென்னையிலும் மற்றவள் சிங்கப்பூரிலும் வாழ்க்கைப்பட்டவர்கள். எங்கள் உறவிலேயே சிலர், மகனையும் மனைவியையும் சேர்த்தால் போதும், சிங்கப்பூருக்கு நோட்டீஸ் அனுப்பினால் இரண்டு வருடம் இழுக்கும் என்று யோசனை கூறினார்கள். என் தாயார் அதை ஒரேயடியாக மறுத்துவிட்டார். பெண் என்பதால் தம்மை விட்டுவிட்டார்கள் என்று நீதிமன்றம் ஏறியவர், தம் அண்ணன் பெண்களைத் தம் வழக்கிலேயே விட்டுவிட்டுப் பங்கு கேட்க முடியாது என்றார். சட்டப்படியும் அவர் கூறியதே சரி. நேர்மையாக விசாரித்தும் ஒருவரைப் பற்றித் தெரியாமல் போயிருந்தால், சேர்க்கப்பட்டவர்களே இறந்தவரின் சொத்தைப் போதிய அளவில் பிரதிநிதித்துவம் செய்வதாக நீதிமன்றம் ஏற்கும். 1965-இல் தயாராம் எதிர் சியாம் சுந்தரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்வாறு கூறியது. தெரிந்தே விட்டவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. பல ஆண்டுகள் கழித்து, விடுபட்ட மகள் ஒருத்தி அந்தத் தீர்ப்பு தன்னைக் கட்டுப்படுத்தாது என்று புது வழக்குப் போட்டால், அதுவரை பட்ட பாடெல்லாம் வீணாகும்.

சிங்கப்பூர் நோட்டீஸ் எவரும் அஞ்சிய அளவுக்கு இழுக்கவும் இல்லை. மனு நோட்டீஸ் கிடைத்ததும் அந்தப் பெண் என் தாயாரைத் தொலைபேசியில் அழைத்தாள். தனக்கும் பெயர் உண்டு என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. அவளுக்காகவும் அவளுடைய சகோதரனின் வழக்கறிஞரே வக்காலத்துத் தாக்கல் செய்தார். நால்வரும் புதிய பிரதிவாதிகளாகச் சேர்க்கப்பட்டனர்.

நடு மாமாவின் மகன், ஒரு குறிப்பிட்ட வயலைத் தாத்தா தனக்கே வாய்மொழியாகக் கொடுத்ததாகக் கூடுதல் எதிருரையில் (பிரதிவாதி தரும் எழுத்துப் பதிலில்) எழுதினான். 4-ஆம் விதியின்படி வாரிசாக வருபவர் தமக்கு அந்தத் தகுதியில் பொருந்தும் எதிர்வாதத்தையே எடுக்கலாம். தனக்கெனத் தனி உரிமை இருக்கிறது என்பவர் தன் சொந்தத் தகுதியில் கட்சிக்காரராகச் சேர வேண்டும். அவன் அப்படிச் சேரக் கோரவில்லை. அந்த வாதம் மேலே செல்லவில்லை. அதேபோல் வாரிசு யார் என்பதில் தகராறு எழுந்தால் 5-ஆம் விதிப்படி நீதிமன்றம் விசாரித்து முடிவு செய்யும். அந்த முடிவு வழக்கை நடத்துவதற்கு மட்டும் பயன்படும், சொத்துரிமையை இறுதியாகத் தீர்த்துவிடாது.

மனு அனுமதிக்கப்பட்டதும் வேலை முடிந்தது என்று எண்ணிவிடக்கூடாது. நீதிமன்றம் குறித்த நாளுக்குள் பிராதில் (வழக்குத் தொடுத்த மனுவில்) திருத்தம் செய்து, திருத்திய பிராதைத் தாக்கல் செய்து, புதிய பிரதிவாதிகளுக்குப் பேட்டா (சம்மனைக் கொண்டுசேர்க்கும் கட்டணம்) கட்டிச் சம்மன் அனுப்ப வேண்டும். உத்தரவு கிடைத்தும் திருத்தம் ஏறாமல், இறந்தவர் பெயரிலேயே தீர்ப்பாணை எழுதப்பட்ட வழக்கு ஒன்றை நான் அறிவேன். தீர்ப்பாணையைச் செயல்படுத்தக் கோரும் நிறைவேற்று மனுவின்போதுதான் அது வெளியே வந்தது. எங்கள் வழக்கறிஞரின் குமாஸ்தா பிராதின் தலைப்பில் ஏறிய சிவப்பு மைத் திருத்தத்தை எனக்குக் காட்டிய பிறகே நான் வீடு திரும்பினேன். கட்சிக்காரர்கள் இதைக் கேட்டுப் பார்க்கத் தயங்கவே வேண்டாம்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தம் கட்சிக்காரரின் மறைவை நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டியவர். 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 10-ஏ விதி அந்தக் கடமையை அவர் மேல் சுமத்துகிறது. எங்கள் வழக்கில் அது நடக்கவில்லை. நடக்காததையே எங்கள் பிரமாணப் பத்திரத்தில் காரணமாக எழுதினோம். வாதிக்குச் சாவு தெரியாமலிருந்தது என்பதை நீதிமன்றம் உரிய முறையில் கருத வேண்டும் என்று 4-ஆம் விதியின் 5-ஆம் உட்பிரிவே கூறுகிறது. எப்போது, எவர் மூலம் தெரிய வந்தது என்பதைத் தேதியோடு எழுதுவதுதான் முக்கியம். சுவரொட்டிப் படத்தை அனுப்பிய கைபேசிச் செய்தியை நாங்கள் அழிக்காமல் வைத்திருந்தது அதற்கு உதவியது.

அம்மாச்சி 2018-இல் இறந்தார். இந்த முறை வேலை மிகச் சிறியது, கணக்குதான் பெரியது. இந்துப் பெண் உயிலின்றி இறந்தால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி மகன், மகள், கணவர் ஆகியோரும், முன்னரே இறந்த மகன் அல்லது மகளின் பிள்ளைகளும் வாரிசுகள். முன்னரே இறந்த மகனின் மனைவி அந்தப் பட்டியலில் இல்லை. அம்மாச்சியின் வாரிசுகள் அத்தனை பேரும் ஏற்கெனவே வழக்கில் இருந்ததால், இன்னார் இன்னார் அவருடைய வாரிசுகள் எனப் பதிவு செய்யும்படி ஒரு மெமோவே போதுமானதாக இருந்தது. பங்கு மட்டும் மாறியது. நடு மாமாவின் ஐந்தில் ஒரு பாகம் அவருடைய தாய், மனைவி, மூன்று பிள்ளைகள் ஆகிய ஐவருக்கும் ஆளுக்கு 25-இல் 1 எனச் சென்றது. அம்மாச்சியின் சொந்தப் பாகமும் இதுவும் சேர்ந்து 25-இல் 6 ஆனது. அது நான்கு கிளைகளாகப் பிரிந்தபோது கிளைக்கு 50-இல் 3. என் தாயாரின் பாகம் 50-இல் 10 ஆக இருந்தது 50-இல் 13 ஆயிற்று. நடு மாமாவின் மனைவிக்கு அம்மாச்சியின் வழியில் எதுவும் வரவில்லை. யார் முன்னால் இறந்தார், யார் பின்னால் இறந்தார் என்பதைப் பொறுத்தே இவ்வளவும் மாறும் என்பதால், இறப்புத் தேதிகளை வரிசையாக எழுதி வழக்கறிஞரிடம் கொடுத்து, பங்கைத் திருத்தும்படி கேட்க வேண்டும்.

2019-இல், யாருக்கு எவ்வளவு பங்கு என்று அறிவிக்கும் முதனிலைத் தீர்ப்பாணை எங்களுக்குச் சாதகமாக வந்தது. பெரிய மாமா மேல்முறையீடு செய்தார். அது நிலுவையில் இருந்தபோது, 2022-ஆம் ஆண்டின் கடைசியில், என் தாயார் காலமானார். மேல்முறையீட்டுக்கும் இதே விதிகளே என்று 11-ஆம் விதி கூறுகிறது. எதிர்மனுதாரரான என் தாயாரின் வாரிசுகளைச் சேர்க்க வேண்டிய பொறுப்பு மேல்முறையீடு செய்த மாமாவுடையது. நாங்கள் வாய் திறக்காமல் இருந்தால் அவருடைய மேல்முறையீடு அற்றுப்போகட்டும் என்று ஒருவர் காதில் ஓதினார். என் தந்தையார் அதைக் கேட்டுக் கோபப்பட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறு வாரமே, இறப்புச் சான்றிதழையும் வாரிசுகளின் பட்டியலையும் இணைத்து எங்கள் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் மெமோ தாக்கல் செய்து எதிர்த்தரப்புக்கும் நகல் கொடுத்தார். நியாயம் ஒருபுறமிருக்க, இறந்தவருக்குச் சாதகமாகப் பிறந்த தீர்ப்பாணையும் செல்லாத தீர்ப்பாணையே என்று குர்நாம் சிங் எதிர் குர்பச்சன் கௌர் வழக்கில் 2017-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதால், மறைத்து வைப்பதில் வெற்றி பெறும் தரப்புக்கும் இலாபம் இல்லை.

மேல்முறையீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று கூற வேண்டும். விசாரணை நீதிமன்றத்தில் வாய்தாவுக்கு வாய்தா ஆள் தெரியும். உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு தேதியே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். தஞ்சாவூர் மாவட்டத்து வழக்குகள் மதுரைக் கிளைக்கும், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை வழக்குகள் சென்னைக்கும் போகின்றன. அவ்வளவு தொலைவில் கிடக்கும் வழக்குக் கட்டுக்கும் ஊரில் நடக்கும் சாவுக்கும் தொடர்பே இராது. இந்த வேறுபாட்டை உணர்ந்து, நெடுங்காலம் பட்டியலுக்கு வராத மேல்முறையீடுகளில் தாமதத்தைப் பரிவோடு பார்க்க வேண்டும் என்று பெருமோன் பகவதி தேவஸ்வம் வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. அந்தப் பரிவை நம்பியிருக்காமல், எதிர்த்தரப்பு ஊரில் ஒரு நம்பகமான ஆளிடம் அவ்வப்போது விசாரித்துக்கொள்வது நல்லது.

வேறு சில நிலைமைகளைச் சுருக்கமாகக் கூறுகிறேன். வாரிசு மைனராக இருந்தால் காப்பாளரை நியமிக்கத் தனி மனு வேண்டும். எதிருரை தாக்கல் செய்யாமலோ, செய்தும் வந்து நடத்தாமலோ இருந்த பிரதிவாதி இறந்தால், அவருடைய வாரிசுகளைச் சேர்ப்பதிலிருந்து விலக்குக் கேட்கலாம்; ஆனால் தீர்ப்புக் கூறப்படுவதற்கு முன்பே அந்த விலக்கைப் பெற்றிருக்க வேண்டும். வாதங்கள் முடிந்து தீர்ப்புக்காக வைக்கப்பட்ட பிறகு ஒருவர் இறந்தால் வழக்கு அற்றுப்போகாது. நிறைவேற்று மனுக்களுக்கும் இந்த அற்றுப்போதல் பொருந்தாது.

என் தாயாரின் இடத்தில் என் தந்தையார், துபாயில் இருக்கும் என் தம்பி, நான் ஆகிய மூவரும் வந்தோம். தம்பி அங்குள்ள இந்தியத் தூதரக அலுவலகத்தில் சான்றொப்பம் பெற்று எனக்குப் பொது அதிகாரப் பத்திரம் அனுப்பினான். வெளிநாட்டில் எழுதப்பட்ட அத்தகைய பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் உரிய முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். அது வந்த அஞ்சல் உறையைத் தேதி முத்திரையுடன் பத்திரமாக வைத்திருங்கள். மேல்முறையீடு தள்ளுபடியாகிவிட்டது. நிலத்தைப் பங்குப்படி பிரித்துத் தரும் இறுதித் தீர்ப்பாணைக்கான மனுவில், நீதிமன்றம் நியமித்த ஆணையரும் நில அளவரும் சம்பா அறுவடைக்குப் பின் வயலை அளந்து சென்றிருக்கிறார்கள். அந்த மனுவின் கட்சிக்காரர் பட்டியலில் சிங்கப்பூர்ப் பெண்ணின் பெயரும் இருக்கிறது. அவளுக்கு வர வேண்டிய வயல் எது என்று ஆணையர் அறிக்கையோடு வரும் வரைபடத்தில் குறிக்கப்படும்.